படகுப் பாட்டில் ஒரு ‘டக்’

எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த பாட்டுகளைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் என் கை சும்மா இருக்காது. மேசை, பெஞ்சு, ரயில் ஜன்னல் என்று எது கிடைத்தாலும் தட்ட ஆரம்பித்துவிடும். போன மாதம் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது பக்கத்து ஆளின் போனில் அப்படி ஒரு பாட்டு வந்தது. என் எக்ஸ்ரே கவரையே முரசாக்கி நான் தட்டிய தட்டலில் நர்ஸ் எழுந்து வந்து, “அங்கிள், ஷாந்தி ரக்கோ” என்று இந்தியில் அமைதி காக்கச் சொல்லிவிட்டுப் போனாள். ஷாந்தியா? அந்தப் பாட்டுக்கா? நல்ல கதையாக இருக்கிறது!

நான் மெல்லிசைக் குழுவில் பாங்கோஸ் வாசித்தவன். ஜோடியாக ஒட்டியிருக்கும் இரண்டு குட்டி முரசுகளைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு விரலால் அடிப்பதுதான் என் தொழில். தாராவியில் முருகேசன் என்றால் ‘எந்த முருகேசன்’ என்பார்கள். பாங்கோ முருகேசன் என்றால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். விரல் மூட்டுகள் ஒத்துழைக்க மறுத்த பிறகு மேடையை விட்டு இறங்கிவிட்டேன். இப்போது குழுவை நடத்தும் பையன்கள் ஊருக்கு வெளியே ஐரோலிப் பக்கமிருந்து வருகிறார்கள். கம்ப்யூட்டரிலேயே தாளம் போடுகிறார்கள், நன்றாகவே போடுகிறார்கள். நான் குறை சொல்ல மாட்டேன். போன வாரம் அவர்கள் எங்கள் கச்சேரி பதிவான ஒரு பழைய காசெட்டைக் கேட்டுவிட்டு வந்து, “அங்கிள், படகுப் பாட்டு நடுவுல கூட்டம் மொத்தமும் டக்குனு எதையோ அடிக்கிறாங்களே, அது என்ன சீன்?” என்று கேட்டார்கள். எழுதித் தருகிறேன், அதைப் படிப்பதற்காகவாவது தமிழ் எழுத்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றேன். இதோ எழுதுகிறேன்.

படகுப் பாட்டு என்பது நாங்கள் வைத்த பெயர். அசல் முதல் வரியைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் பாட ஆரம்பித்துவிடுவீர்கள், என் கட்டுரையை யார் படிப்பது?

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஊரிலிருந்து பம்பாய் வந்து சேர்ந்தது செய்யது காக்காவின் தோல் பைப் பட்டறையில். காக்கா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணன் என்று அர்த்தம். தாராவித் தமிழர் எல்லாருக்கும் அவர் காக்காதான். பையில் ரிவெட் அடிக்கும் வேலை எனக்கு. என் சுத்தியல் தானாகவே பழைய பாட்டுகளுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். ஒரு நாள் காக்காவின் தம்பி காதர் மாஸ்டர் மாடியிலிருந்து ஏணிப்படியில் இறங்கி வந்து, என் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, “சாயங்காலம் மேல வா” என்றார். விரல் வீங்கியது, வற்றியது, மறுபடி வீங்கியது. நான் கலைஞனாகிவிட்டேன். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

மாஸ்டர் அக்கார்டியன் வாசிப்பவர், குழுவின் தலைவர். பட்டறையின் மாடிதான் எங்கள் ஒத்திகைக் கூடம். தோல் வாசனையில் உட்கார்ந்து, கீழே மிஷின் ஓடும் சத்தத்துக்கு மேலே நாங்கள் பாடுவோம். புதுப் பாட்டு எடுக்கும்போது மாஸ்டருக்கு ஒரு முறை உண்டு. ரிக்கார்டைச் சுழலவிட்டு, “அவனவன் ஆளைப் பிடிங்க” என்பார். அதாவது, நான் அந்தப் பாட்டில் பாங்கோஸ் வாசித்த முகம் தெரியாத மனிதனை மட்டும் கேட்க வேண்டும். புல்லாங்குழல்காரர் தன் ஆளை மட்டும், பாடுகிறவர்கள் தங்கள் ஆளை மட்டும். அடுத்து ரிக்கார்டை நிறுத்திவிட்டு ஒவ்வொருவராகப் பார்த்து, “உன் ஆளு என்ன சொல்லுதான்?” என்பார். வாயாலேயே வாசித்துக் காட்ட வேண்டும். அதில் தேறினால் தொடையில் தட்டலாம். அதிலும் தேறினால்தான் வாத்தியத்தைத் தொடலாம்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாராவது தப்பு செய்தால் அக்கார்டியனை மெதுவாக மடக்கி, அதன் தோல் பட்டையைப் பொத்தான் போட்டு மூடிவிட்டு, டீ குடிக்க ஆரம்பிப்பார். அந்த டீ முடியும் வரை தப்பு செய்தவனுக்கு உயிர் இருக்காது. திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

எங்களிடம் சொந்தமாக ரிக்கார்டு ஏது? எல்லாம் சுடலைமணி அண்ணாச்சியின் மைக் செட்டிலிருந்து வாங்கி வருவதுதான். தாராவியில் கல்யாணமோ, காதுகுத்தோ, அம்மன் கொடையோ, எது நடந்தாலும் அண்ணாச்சியின் குழாய் ஸ்பீக்கர்தான் கட்டப்படும். கட்டினால் படகுப் பாட்டு கட்டாயம் உண்டு. அந்தப் படம் ஊத்திக்கொண்டது, பம்பாய்ப் பக்கம் வரவே இல்லை. பாட்டு மட்டும் வந்து எங்கள் நெஞ்சில் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. அடடா, அந்தத் தொடக்கத்தைச் சொல்ல வேண்டும்! அக்கார்டியன் ஒரு அலை, பாங்கோஸ் ஒரு உருட்டு, உடனே பெண் குரலின் ஹம்மிங். எழுதும்போதே புல்லரிக்கிறது.

கதை இதுதான். அவன் படகோட்டி. கரையில் நிற்கிறவளைப் பார்த்து, என்னோடு அக்கரைக்கு வருகிறாயா என்று கேட்கிறான். இரண்டு தடவை கேட்டும் அவள் பேச்சை மாற்றிவிடுவாள். மூன்றாவது தடவை கேட்கும்போது சிரிப்பாள். அந்தச் சிரிப்பு முடியும் இடத்தில் ‘டக்’ என்று ஒரு ஒற்றை அடி. சட்டென்று அவன் மறுபடி பல்லவியைப் பாடத் தொடங்கிவிடுவான்.

அந்த ‘டக்’ இருக்கிறதே, என் உயிரே அதில்தான். பாட்டு முழுக்கத் தோலில் வாசிக்கிற என் ஆள், அந்த ஓர் இடத்தில் மட்டும் மரத்தில் அடிக்கிறான். அதுவும் தாளத்துக்கு அரை அடி முன்னாலேயே வந்து அடிக்கிறான். என்ன துணிச்சல்! அந்தச் சத்தம் வருவதற்காகவே பித்தளை மோதிரம் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு, பாங்கோஸின் விளிம்பில் அடித்துப் பழகினேன். “அந்தக் கால இசையமைப்பாளர்லாம் சும்மா இல்லப்பா” என்று மாஸ்டரே சிலாகித்தார். மேடையில் அந்த இடம் வரும்போது கூட்டமும் சேர்ந்து அடிக்கும். நாற்காலிக்காரன் நாற்காலியில், டீ குடிக்கிறவன் கிளாஸில், ஒன்றும் இல்லாதவன் பக்கத்தில் இருப்பவன் முதுகில்.

அவள் என்ன பதில் சொன்னாள் என்பதில் மட்டும் தாராவி இரண்டாகப் பிரிந்து கிடந்தது. சிரித்தாலே சம்மதம்தானே என்று ஒரு கட்சி. சிரித்துவிட்டுப் போய்விட்டாள், அதனால்தான் அவன் பாவம் பழையபடி பாடுகிறான் என்று இன்னொரு கட்சி. டீக்கடையில் இதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்களை நான் விலக்கிவிட்டிருக்கிறேன். ஊரிலிருந்து புதிதாக வந்த எவனாவது அந்த இடத்தில் வேறு எதையோ முணுமுணுத்தால், “தப்பாப் பாடாதடே” என்று வாயை அடைத்துவிடுவோம். காசெட் வந்த காலத்தில் அண்ணாச்சி தன் ரிக்கார்டிலிருந்தே பதிவு செய்து, தமிழர்கள் நிறைந்த சீத்தா கேம்ப் வரைக்கும் கொடுத்தார். அங்கேயும் எல்லோரும் டக், டக்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த சமயத்தில் செய்யது காக்காவுக்குப் பைக்கு ஆர்டர் குவிந்தது. மாடியில் இரண்டு தையல் மிஷின் போட வேண்டும் என்றார். அவருக்குப் பாட்டெல்லாம் வெட்டிச் சோலி. தம்பி என்பதால் பொறுத்துக்கொண்டிருந்தார். மாடி போனால் எங்களுக்கு வேறு இடம் கிடையாது. தாராவியில் ஒருவன் நிற்கவே இடமில்லாதபோது ஒரு குழு எங்கே உட்கார்ந்து வாசிக்கும்? குழு கலைந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து செம்பூர் விழாக் கமிட்டியிலிருந்து ஆள் வந்தது. அவர்கள் வருடாவருடம் மெட்ராஸிலிருந்து குழுவை வரவழைப்பவர்கள். அந்த வருடம் ஏதோ காரணத்தால் அந்தக் குழுவால் வர முடியவில்லை. எழுபதுகளின் பாட்டுகள் மட்டும் கொண்ட ஒரு மாலை வேண்டும், வாசிப்பீர்களா என்று கேட்டார்கள். மாஸ்டர் காக்காவிடம் போய் நின்றார்.

“செம்பூர்க்காரன் அடுத்த வருசத்துக்கும் உங்களையே கூப்பிட்டா மாடி உங்களுக்கு” என்றார் காக்கா. “இல்லேன்னா நிகழ்ச்சி முடிஞ்ச திங்கக்கிழமை மிஷின் ஏறும். பொறவு என்கிட்ட மூஞ்சியத் தூக்கிவச்சிட்டு நிக்கப்படாது.”

செம்பூர்க் கமிட்டியின் செக்ரட்டரி கிருஷ்ணமூர்த்தி சார், ஆபீஸ் உத்தியோகம், மாட்டுங்காவில் வீடு. நிகழ்ச்சிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களைக் கேட்டுப் பார்க்க வந்தார். வெள்ளைச் சட்டையோடு ஏணியில் ஏறி, தோல் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். நாலைந்து பாட்டுக்குத் தலை நன்றாகவே ஆடியது. படகுப் பாட்டின் ‘டக்’கில் கண்ணைத் திறந்தார்.

“நிறுத்துங்கோ. நடுவுல ஒரு லைனையே காணோமே?”

“எந்த லைன் சார்?” என்றார் மாஸ்டர்.

“அவ பதில் சொல்ற லைன்! அதுக்கப்புறம் அழகா ஒரு ஃப்ளூட் வருமே. அதெல்லாம் எங்கே? இவர் என்னமோ டொக்குனு அடிச்சுட்டு, நீங்க பாட்டுக்கு அடுத்ததுக்குப் போயிட்டேளே?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “சார், அது ரிக்கார்டுலயே உள்ளது. ஏக்தம் அப்படியே வாசிக்கோம்” என்றேன்.

“எந்த ரிக்கார்டுல?” என்றார் அவர்.

அன்று மத்தியானமே மாட்டுங்காவில் அவர் வீட்டில் போய் நின்றோம். மாஸ்டர், நான், பாடுகிற ஸ்டெல்லா, புல்லாங்குழல்காரர், அவமானம் தாங்காமல் கூடவே வந்த சுடலைமணி அண்ணாச்சி. மாமி கொண்டுவந்த காபியை யாரும் தொடவில்லை. சார் துணியால் தூசி தட்டித் தன் ரிக்கார்டைப் போட்டார். மூன்றாவது கேள்வி வந்தது. சிரிப்பு வந்தது. என் மோதிர விரல் தானாகத் தூக்கிக்கொண்டது.

‘டக்’ வரவில்லை. அவள் பாடினாள். வருகிறேன், அக்கரைக்கு மட்டுமில்லை, நீ போகிற தூரமெல்லாம் வருகிறேன் என்று ஒரு முழு வரியைப் பாடினாள். அதன் பின்னால் புல்லாங்குழல் ஒன்று எழுந்து போனது. பிறகுதான் அவன் பல்லவியைப் பாடினான். அவன் குரலில் இருந்தது சந்தோஷம் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர். “என் ஆளு இங்க ஒரு முழு வரி பாடியிருக்கா மாஸ்டர். நான் அவ வாயை மூடி வச்சிருந்திருக்கேன்.” புல்லாங்குழல்காரரின் விரல்கள் காற்றிலேயே அந்த இடத்தை வாசித்துப் பார்த்தன. நானோ என் ஆளை இழந்துவிட்டு நின்றேன். நான் அத்தனை நாள் வணங்கிய மேதை ஒரு கீறல்!

அண்ணாச்சி மட்டும் விடவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த தன் ரிக்கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஊசியைத் தாவ வைத்து ஒரு முழு வரியையே விழுங்கிய கீறல் பளிச்சென்று தெரிந்தது. துண்டால் துடைத்தார், போகவில்லை. “சரி, கீறலாவே இருக்கட்டும். தாராவி மொத்தமும் கேட்டதுதாம்வே பாட்டு. ஒரு வீட்டுல ஒருத்தர் கேட்டா அது பாட்டாயிருமா?” என்றார். அத்தோடு நிற்கவில்லை. “ஞாயித்துக்கிழமை நம்ம ஆளுவ பஸ் பிடிச்சி வாரானுவ. டக்கு இல்லேன்னா நாற்காலி பறக்கும். சொல்லிட்டேன்.”

“எங்க மனுஷாளுக்கு ஒவ்வொரு வரியும் தெரியும்” என்றார் கிருஷ்ணமூர்த்தி சார். “சரியாப் பாடலைன்னா, இல்லே ஏதாவது கலாட்டா ஆச்சுன்னா, அடுத்த வருஷம் கமிட்டி ஒத்துக்காது. என் பேரும் கெட்டுப் போகும்.”

அதாவது ‘டக்’ அடித்தால் முன்வரிசை சிரிக்கும், அடிக்காவிட்டால் பின்வரிசை எகிறும். எதுவானாலும் திங்கட்கிழமை மிஷின் ஏறும். ரயிலில் திரும்பும்போது அந்தப் பாட்டையே விட்டுவிடலாமா என்று கேட்டேன். மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“அவ பதில் சொல்லிட்டா முருகேசா. கேட்ட பொறவு எப்படி மறைக்கது?” என்றார். அக்கார்டியன் பட்டையைப் பொத்தான் போடும்போது இருக்கும் அதே அமைதி.

அந்த வாரம் பட்ட பாடு இருக்கிறதே! கற்றுக்கொள்வது லேசு, கற்றதை மறப்பதுதான் வினை. அந்த இடம் வந்ததும் ஸ்டெல்லாவின் நாக்கு தானாகத் தாவும். ஆண் குரல்காரர் அவசரப்பட்டுப் பல்லவிக்குள் குதிப்பார். என் மோதிர விரலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மோதிரத்தைக் கழற்றினேன், விரல் மொட்டையாகவே போய் அடித்தது. கடைசியில் மாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்றாவது கேள்வி தொடங்கியதும் என் வலது கையில் நிறைய ஊற்றிய சூடான டீ கிளாஸைக் கொடுத்துவிடுவார். இடது கையால் மட்டும் தாளத்தை ஓட்ட வேண்டும். முதல் நாள் முழுக்க டீ தொடையில்தான் கொட்டியது. கீழேயிருந்து காக்கா, “மேல என்னடே அலறல்? பாடுதியளா, சூடு போடுதியளா?” என்று கத்தினார். வெள்ளிக்கிழமை ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. மாஸ்டர் அந்த டீயை வாங்கித் தானே குடித்தார். அதுதான் அவர் பாராட்டு.

ஞாயிற்றுக்கிழமை மாலை, செம்பூர் மைதானம். முன்னால் பட்டுப்புடவைகளும் செண்ட் வாசனையும். பின்னாலும் பக்கவாட்டிலும் எங்கள் ஆட்கள், தாராவியும் சீத்தா கேம்ப்பும், குடும்பம் குடும்பமாக இரும்பு நாற்காலிகளில். ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு, செய்யது காக்கா. அவர் எங்கள் நிகழ்ச்சிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மிஷினா மாடியா என்று நேரில் பார்த்துவிடலாம் என்று வந்திருப்பார் என நினைத்தேன்.

முதல் பாட்டிலிருந்தே தீப்பிடித்தது. அந்தக் காலத்துப் பாட்டுகளா அவை! ஒவ்வொரு தொடக்க இசைக்கும் முன்வரிசையில் “ஆஹா” என்று ஒரு மூச்சு, பின்வரிசையில் விசில். மாட்டுங்கா மாமா ஒருவர் காலால் தாளம் போட்டதில் செருப்பு மேடைக்கே வந்துவிட்டது. என் விரல்கள் பறந்தன. பின்னாலிருந்து “படகு! படகு!” என்று கத்தல் தொடங்கியது. மாஸ்டர் என் பக்கம் திரும்பி, “கையப் பாத்துக்க” என்றார்.

அலை, உருட்டு, ஹம்மிங். மைதானமே சேர்ந்து பாடியது. முதல் கேள்வி, இரண்டாவது கேள்வி. மூன்றாவது கேள்வி வந்ததும் வலது கையில் இல்லாத டீ கிளாஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஸ்டெல்லா சிரித்தாள். நான் அடிக்கவில்லை.

கூட்டம் அடித்தது. நூற்றுக்கணக்கான கைகள் இரும்பு நாற்காலிகளில் ஒரே நேரத்தில் ‘டக்’! முன்வரிசை முழுதும் பதறித் திரும்பிப் பார்த்தது. கிருஷ்ணமூர்த்தி சார் எழுந்தே நின்றுவிட்டார். பின்வரிசை பல்லவிக்கு வாயைத் திறந்தது. பல்லவி வரவில்லை. ஸ்டெல்லா பாடிக்கொண்டிருந்தாள். வருகிறேன் என்றாள், நீ போகிற தூரமெல்லாம் வருகிறேன் என்றாள்.

அப்படி ஒரு நிசப்தத்தை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. நாற்காலி பறக்கப் போகிறது, முடிந்தது என்று நினைத்தேன். அப்போது இருட்டத் தொடங்கியிருந்த மைதானத்தின் கடைக்கோடியிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

“ஏலே! பதில் சொல்லிட்டாடே!”

அவ்வளவுதான், உடைந்தது! விசில், கைதட்டல், துண்டு வீச்சு, ஆளை ஆள் கட்டிக்கொள்வது, “நான் அப்பமே சொன்னம்லா” என்று ஒருவன் இன்னொருவனை உலுக்குவது. புல்லாங்குழல்காரர் முதல்முறையாகத் தன் இடத்தை வாசிக்கிறார், பாவம், ஒருவர் காதிலும் விழவில்லை. பாட்டு முடிவதற்குள்ளேயே “ஒன்ஸ் மோர்” தொடங்கிவிட்டது. மறுபடி வாசித்தோம். இந்தத் தடவை சிரிப்பு முடியும் இடத்தில் முன்வரிசையும் எதையோ எதிர்பார்த்துக் கையைத் தூக்கி வைத்திருந்தது. பட்டுப்புடவைகளும் சேர்ந்து ‘டக்’ அடித்தன. அதன் மேல் அந்த வரி வந்து விழுந்தபோது எழுந்த ஆரவாரத்தில் எனக்கே என் வாசிப்புக் கேட்கவில்லை. நான் அழுதுகொண்டே வாசித்தேன். சந்தோஷத்துக்கு வேறு என்ன செய்வது?

நிகழ்ச்சி முடிந்ததும் கிருஷ்ணமூர்த்தி சார் வேர்த்து விறுவிறுத்து மேடைக்கு ஏறி வந்து மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். “அடுத்த வருஷமும் நீங்கதான். கமிட்டியில பேசியாச்சு. ஆனா அந்தச் சத்தம் இருக்கே, அது கண்டிப்பா இருக்கணும். உங்க மனுஷாளையும் கூட்டிண்டு வந்துடுங்கோ” என்றார். மாஸ்டர் தலையை ஆட்டினார்.

அப்போது காக்கா மேடைப் படியில் ஏறி வந்தார். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம்.

“மிஷின் வேண்டாம்னு ஆள்ட்ட சொல்லியாச்சி” என்றார் தம்பியிடம், முகத்தைப் பார்க்காமலே. மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். காக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டு ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பினார்.

“ரெண்டு வாட்டியும் அந்தப் பயலுவ சத்தத்துல எனக்குச் சரியாக் கேக்கலம்மா. அவ என்ன சொல்லுதா?”

ஸ்டெல்லா மைக் இல்லாமல், அவருக்கு மட்டும், அந்த ஒரு வரியைப் பாடினாள். காக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து கேட்டார்.

“வாரேன்னா சொல்லுதா?”

“ஆமா காக்கா. வாரேன்னுதான் சொல்லுதா.”

காக்கா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

“நல்லாயிருக்கட்டும்” என்றார். “இத்தன வருசமா அந்தப் பய தனியாத்தான் போயிட்டிருக்கான்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்.”